நேரம் சொல்லாத நிறுத்தம்

மார்ச் 4, செவ்வாய்

இன்று ஒரு பயணி என்னிடம் சண்டைக்கு வந்தார். மாலை விமானம் தாமதமானதற்கு நான்தான் காரணமாம். ஒலிபெருக்கியில் வருகிற குரல் என்னுடையது, ஆகவே குற்றமும் என்னுடையது. "என்னம்மா தொழில்நுட்பக் காரணம்? விமானம் அங்க பளபளன்னு நிக்குது, ஒரு கீறல் இல்ல!" என்றார். நிற்கிறதுதான். அதற்கு ஒரு கோளாறும் இல்லைதான். ஓடுபாதை எங்களுடையது இல்லை ஐயா என்று சொல்ல எனக்கு அனுமதி கிடையாது. முகத்தைப் பாவமாக வைத்துக்கொண்டேன். அதில் நான் கெட்டிக்காரி.

இருப்பது ஒரே ஓடுபாதை. வடக்குப் பக்கம் விமானப்படை, தெற்குப் பக்கம் நாங்கள். பாதையும் அவர்களுடையது, கட்டுப்பாட்டுக் கோபுரமும் அவர்களுடையது. நாங்கள் ஒண்டுக்குடித்தனம். காலையில் ஒரு விமானம், மாலையில் ஒரு விமானம், அதற்கு ஒரு கூடம், ஒரு டீக்கடை. அவர்கள் பக்கம் பார்த்த கண்ணாடியில் ஆள் உயரத்துக்கு வெள்ளைத்தாள் ஒட்டியிருக்கிறது. பிள்ளையைத் தோளில் தூக்கி விமானம் காட்டுகிற அப்பாக்களைக் காவலர் அதட்டி உட்கார வைப்பார்.

கோபுரத்திலிருந்து போன் வரும். "அரைமணி நேரம் நிறுத்துங்க" என்றால் போர் விமானங்களுக்குப் பயிற்சி. வெறுமனே "நிறுத்துங்க" என்று சொல்லி வைத்துவிட்டால், அதாவது நேரம் சொல்லவில்லை என்றால், அது வேறு. எல்லையிலிருந்து சரக்கு விமானம் வருகிறது. என்ன சரக்கு என்று நாங்கள் கேட்பதில்லை. பெட்டிகளை இறக்கி, மரியாதை செலுத்தி, வண்டியில் ஏற்றி, பாதை காலியாக எவ்வளவு நேரம் ஆகும் என்று யாரும் சொல்லவும் மாட்டார்கள். நான் மட்டும் மைக்கைப் பிடித்து, "தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தாமதத்திற்கு வருந்துகிறோம்" என்று சொல்லவேண்டும்.

இன்று நேரம் சொல்லவில்லை. என் தம்பி விமானப்படையில் இருக்கிறான், அந்தச் சரக்கு விமானத்தில்தான் வந்திருப்பான். அந்த விமானத்தில் பின்பகுதி முழுக்க அவன் பொறுப்பு. ஏற்றுவது, கட்டுவது, கூடவே உட்கார்ந்து வருவது, இறக்குவது.

மார்ச் 9, ஞாயிறு

தம்பி சாப்பிட வந்தான். வேலிக்கு அந்தப் பக்கம்தான் அவன் குடியிருப்பு. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை ஆனால்தான் கண்ணில் படுகிறான். இளைத்துவிட்டான். தாடையில் ஒரு பக்கம் சவரம் விட்டுப்போயிருக்கிறது. தம்பி என்று பேரே தவிர, நான் வளர்த்த பிள்ளை. அம்மா போனபோது அவன் பள்ளிக்கூடம்கூடச் சேரவில்லை. நான் அறிவிப்பாளர் வேலைக்குப் பயிற்சி எடுத்த காலத்தில் சமையலறையில் நின்று வாசகங்களைச் சொல்லிப் பார்ப்பேன், அவன் என் புடவையைப் பிடித்துக்கொண்டு கூடவே சொல்வான். எல்லாம் தலைகீழ்ப் பாடம் அவனுக்கு.

இன்று ஒன்று கவனித்தேன். கதவைத் திறந்து உள்ளே வந்தவன் சாத்தவில்லை. கதவைப் பிடித்துக்கொண்டே ஓரமாக ஒதுங்கி நின்றான், பின்னால் ஆட்கள் வருவதுபோல. என் வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்கி, "என்ன மாப்ள, ஊர்வலமா வந்திருக்கீங்களா?" என்றார். இவருக்கு எல்லாம் கேலிதான். தம்பி சிரித்திருக்கலாம். சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து மெதுவாகச் சாத்தினான்.

மார்ச் 12, புதன்

காலையில் நிறுத்தினார்கள். நேரம் சொல்லவில்லை. வருந்துகிறோம் என்றேன்.

மார்ச் 16, ஞாயிறு

இன்றைக்கும் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றான். "கொசு வருதுடா, சாத்து" என்றேன்.

"இரு அக்கா. இன்னும் வரணும்."

"யார் வரணும்?"

என்னைப் பார்த்தான். தூக்கத்தில் எழுப்பினவன் பார்ப்பானே, அப்படி. "யாருமில்ல," என்று சாத்திவிட்டு நேராகப் போய்க் கை கழுவ ஆரம்பித்தான். கழுவினான், கழுவினான், குழாயை நான் போய் மூடும்வரை கழுவினான்.

எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. இருட்டுக்குப் பயந்தவளும் இல்லை. ஆனால் அவன் கிளம்பிப் போனபிறகு கூடத்து நாற்காலிகளில் உட்காரப் பிடிக்கவில்லை. யாரோ இப்போதுதான் எழுந்து போன இடம்போல இருந்தது. சீ, என்ன பேத்தல். போய்ப் படு.

மார்ச் 19, புதன்

தம்பியோடு பறக்கிற விமானி ஒருவர் இருக்கிறார். நெட்டை விமானி என்று நாங்கள் சொல்வோம், வாசற்படியில் குனிந்துதான் வருவார். அறிவிப்பு இல்லாத நேரத்தில் இருக்கைச் சீட்டு கொடுக்கிற கவுண்டரிலும் நான்தான், அவர் இன்று சாதாரண உடையில் அங்கே வந்தார். டிக்கெட் இல்லை. சுற்றுமுற்றும் பார்த்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்குத்தான் சொல்லணும்னு தோணுச்சு."

"சொல்லுங்க தம்பி."

"நாங்க முன்னாடி உக்காருவோம், அவன் பின்னாடி தனியா. காதுல மாட்டியிருக்கறதுல அவன் பேசினா எங்களுக்குக் கேக்கும். அவன் அதை அணைக்க மறந்துடறான் போல."

"என்ன பேசறான்?"

"அறிவிப்பு."

எனக்கு விளங்கவில்லை.

"நீங்க பண்றதேதான்கா. 'பயணிகளின் கனிவான கவனத்திற்கு, இன்னும் சிறிது நேரத்தில் தரையிறங்க இருக்கிறோம், இருக்கை வாரை அணிந்துகொள்ளவும்.' கீழ வெயில் எவ்வளவுன்னுகூடச் சொல்றான். முதல் தடவை நாங்க சிரிச்சுட்டோம். அப்புறம் முடியல. பின்னாடி பயணின்னு யாரும் கிடையாதேக்கா. எல்லாம் வந்து..."

அவர் முடிக்கவில்லை. அதற்குள் வரிசையில் ஒருவர் பொறுமை இழந்து, சன்னலோர இருக்கைதான் வேண்டும் என்று கைநீட்டினார். கொடுத்தேன். ஏறியதும் திரையை இறக்கத்தான் சொல்வார்கள். இங்கே இறங்கும்போதும் கிளம்பும்போதும் யாரும் வெளியே பார்க்கக்கூடாது. அது தெரியாமல் அந்த மனிதர் சந்தோஷமாகப் போனார்.

மார்ச் 23, ஞாயிறு

கேட்டுவிட்டேன். வெங்காயம் நறுக்கிக்கொண்டே, ஏதோ போகிறபோக்கில் கேட்பதுபோல. அவன் மறைக்கவில்லை.

"பேசாமலே வரச் சொல்றியா? எங்கயோ போயிட்டு வீட்டுக்குத் திரும்பறாங்க. வந்துட்டோம்னு யாராவது ஒருத்தர் சொல்லணும்ல?"

"அவங்களுக்குக் கேக்குமாடா?"

"கேக்காதுன்னு உனக்கு யார் சொன்னா?"

நான் கத்தியைக் கீழே வைத்தேன். அவன் தரையில் உட்கார்ந்து முதுகைச் சுவரில் சாய்த்துக்கொண்டான். முகத்தில் பதற்றமே இல்லை. ஒரு வேலையை விளக்குகிற மாதிரி சொன்னான்.

"இறங்கி நின்னதும் பின்கதவு திறக்கும்க்கா. பெரிய கதவு, தரைவரைக்கும் சாயும். திறந்ததும் காத்தோட முதல்ல உள்ள வர்றது உன் குரல்தான். உங்க கட்டடத்துக்கு வெளியில மாட்டியிருக்கற ஒலிபெருக்கி அவ்வளவு தூரம் கேக்குது. 'தொழில்நுட்பக் காரணங்களால் ஏற்பட்ட தாமதத்திற்கு வருந்துகிறோம்.' ஒவ்வொரு தடவையும் அதுதான். அவங்க ஊர் வந்து சேர்றாங்க, நீ வேற யார்கிட்டயோ மன்னிப்புக் கேட்டுட்டிருக்க."

"டேய்..."

"அதான் இறங்க மாட்டேங்கறாங்க. பெட்டி இறங்குது, அவங்க இறங்கல. நான் சொன்னா நம்பல, உள்ள இருக்கறவன்தானே சொல்றான்னு. கடைசில வேற வழியில்லாம என் பின்னாடியே வந்துடறாங்க."

நான் கத்திவிட்டேன். எனக்கு எழுதிக் கொடுக்கறதை நான் படிக்கறேன்டா, நானா எழுதினேன்? என்னைக்காவது ஒரு வார்த்தை கூட்டிக் குறைச்சுப் பேசியிருக்கேனா? சம்பளத்துக்குத்தான் பேசறேன், ஆசைக்கா பேசறேன்? — எல்லாம் கத்தினேன். அவன் மேலே பார்த்துக்கொண்டு, "உன்னைக் குத்தம் சொல்லலக்கா" என்றான். அது இன்னும் மோசமாக இருந்தது. வீட்டுக்காரர் வந்து எட்டிப்பார்த்துவிட்டு, என்றைக்கும் இல்லாத அதிசயமாக ஒன்றும் சொல்லாமல் போனார்.

மார்ச் 24, திங்கள்

காலை விமானம் போனபிறகு பக்கத்துக் கவுண்டர் பெண்ணிடம் மைக்கைக் கொடுத்து, "தாமத வாசகத்தைச் சும்மா ஒருதரம் சொல்லு, ஒலி சரியா இருக்கான்னு பாக்கணும்" என்றேன். வெளியே போய்க் கட்டடத்தின் கடைக்கோடியில், வேலி ஓரம் நின்றேன்.

அட்சரம் பிசகாமல் கேட்டது. எதிர்ப்பக்கத்து விமானக் கொட்டகையில் மோதி மறுபடியும் வந்தது. திரும்பி வந்த குரல் அந்தப் பெண்ணுடையதாக இல்லை. யாருடையதாகவும் இல்லை. வருந்துகிறோம் என்று அந்தப் பக்கத்திலிருந்து யாரோ எனக்குச் சொன்னார்கள்.

இத்தனை வருடமாக இதைத்தான் அவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தேனா?

மார்ச் 27, வியாழன்

மேலாளரிடம் போனேன். எங்கள் மேலாளருக்கு நாங்கள் வைத்த பட்டப்பெயர் கஞ்சி. உட்கார்ந்தால் சட்டை மடங்காது. நேரம் சொல்லாமல் நிறுத்துகிற நாட்களில் வேறு வாசகம் சொல்லலாமே என்றேன்.

"அது மேலிடத்து வாசகம்மா. ஒரு எழுத்து மாத்த எனக்கு அதிகாரம் கிடையாது."

"சரி, அந்த நேரத்துக்கு வெளி ஒலிபெருக்கியை மட்டும் அணைச்சிடலாமா?"

"எல்லாம் ஒரே இணைப்பு. அணைச்சா மூட்டை ஏத்தறவங்களுக்குக் கேக்காது."

"பேசாம இருந்துட்டா?"

"பயணிங்க என்னைக் கடிச்சுக் குதறிடுவாங்க. உங்களுக்கு என்ன, கண்ணாடி அறைக்குள்ள உக்காந்திருக்கீங்க."

கெட்ட மனிதர் இல்லை. ஆனால் அவரிடம் பேசுவதும் சுவரில் முட்டிக்கொள்வதும் ஒன்று.

ஏப்ரல் 2, புதன்

நிறுத்தினார்கள். நேரம் சொல்லவில்லை. வாசகத்தைச் சொன்னேன். சொல்லும்போது, அந்தக் கதவு இப்போது சாய்ந்துகொண்டிருக்கும், இப்போது கேட்கும், என்று ஓடிக்கொண்டே இருந்தது. 'வருந்துகிறோம்' வாயில் வராமல் இருமினேன். கஞ்சி திரும்பிப் பார்த்தார்.

ஏப்ரல் 5, சனி

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தேன். கதவைத் திறந்து உள்ளே வந்தேன். அப்புறம் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. "ஏன் அங்கயே நிக்கற?" என்று வீட்டுக்காரர் கேட்டபிறகுதான் பார்த்தேன், கதவைப் பிடித்துக்கொண்டு ஒதுங்கி நிற்கிறேன்.

அவர் கேலி செய்யவில்லை. எழுந்து வந்து அவரே சாத்தினார்.

ஏப்ரல் 7, திங்கள்

நேற்று தம்பி வரவில்லை. அவனுக்கு எடுத்து வைத்தது அப்படியே இருந்தது. இன்று நெட்டை விமானி போன் செய்தார்.

போன புதன்கிழமை விமானம் நின்றபிறகு தம்பி இறங்கவில்லையாம். பெட்டிகள் எல்லாம் போய், வண்டிகள் போய், பாதை காலியாகி, அவன் மட்டும் உள்ளே உட்கார்ந்திருக்கிறான். "பயணிங்க இறங்கினப்புறம்தான் நாம இறங்கணும், அதுதானே முறை?" என்று கேட்டானாம். கையைப் பிடித்து இழுத்துத்தான் இறக்கியிருக்கிறார்கள்.

"வயிறு சரியில்லன்னு எழுதி மறைச்சுட்டேன்கா. அடுத்த தடவையும் இப்படின்னா என்னால முடியாது. காவல் ஆளுங்க வந்து அத்தனை பேர் முன்னாடி தூக்கிட்டுப் போவாங்க. அவன் கையைக் காலை உதறினான்னு வைங்க... அப்புறம் அவனைத் திரும்ப மனுஷனா பாக்க மாட்டாங்க."

அவனைத் தூக்கிக்கொண்டு போவார்கள். என் பிள்ளையை. நான் என் கண்ணாடி அறையில் இருந்து மைக்கில் தாமதத்துக்கு வருந்திக்கொண்டிருப்பேன். முடியாது. என்ன ஆனாலும் சரி, முடியாது.

ஏப்ரல் 10, வியாழன்

இன்றைக்கே எழுதிவிடுகிறேன், நாளைக்குப் பத்துப் பேர் பத்து விதமாகக் கேட்பார்கள், வரிசை மாறிவிடும்.

மாலை விமானத்துக்குக் கூடம் நிறைந்திருந்தது. முன்வரிசையில் நடுவயதுத் தம்பதி. பயணப்பை இல்லை. அவர் போட்டிருந்தது புதுச் சட்டை, மடிப்புக் கோடுகூடக் கலையவில்லை. அந்தம்மா மடியில் ஒரு தண்ணீர் பாட்டில். காவலர் என்னிடம் வந்து, "உக்கார வைக்கச் சொல்லி உத்தரவு. அந்தப் பக்கத்துல இருந்து ஆள் வந்து கூப்பிடுவாங்களாம்" என்று காதோடு சொன்னார். சற்று நேரத்தில் அந்தம்மா என் அறைக்கே வந்து, "இங்கதானேம்மா வரும்?" என்றார்.

"எதும்மா?"

வாயைத் திறந்தார். எதைச் சொல்வது என்று தெரியாமல் மூடிக்கொண்டார். "ஒண்ணுமில்ல" என்று போய் உட்கார்ந்தார்.

போன் வந்தது. "நிறுத்துங்க." அவ்வளவுதான்.

கஞ்சி வழக்கமான அட்டையை என் முன்னால் வைத்துவிட்டுப் போனார். கனத்த விமானம் இறங்குகிற சத்தத்தில் கண்ணாடி அதிர்ந்தது. என் அறை ஒரு படி உயரம் என்பதால், எழுந்து நின்றால் வெள்ளைத்தாளுக்கு மேலே தெரியும். நான் ஒருநாளும் எழுந்து பார்த்ததில்லை. இன்று பார்த்தேன். விமானம் ஓடிவந்து நின்றது. வீரர்கள் வரிசையாக நின்றார்கள். பின்கதவு மெல்லச் சாய்ந்தது. உள்ளே ஒரே இருட்டு. நெட்டை விமானி கீழே நின்று உள்ளே பார்த்துக் கையை அசைக்கிறார், வா வா என்று. யாரும் வரவில்லை. பெட்டியைச் சுமக்க உள்ளே போன வீரர்கள் வெறுங்கையோடு திரும்பி வந்தார்கள். பெட்டிகளைக் கட்டியிருந்த வாரை அவன் அவிழ்க்கவிடவில்லை போலிருக்கிறது. தொப்பி வைத்த ஒருவர் யாரையோ கூப்பிடத் திரும்பினார்.

நெட்டை விமானி எங்கள் கட்டடத்தைப் பார்த்தார். என்னைத்தான் பார்த்தார் என்று நினைக்கிறேன்.

பொத்தானை அழுத்தினேன்.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு. எல்லையிலிருந்து வந்த விமானம் தரையிறங்கியிருக்கிறது. அதில் வந்திருக்கும் அனைவரையும் வரவேற்கிறோம். நீங்கள் வந்து சேர்ந்துவிட்டீர்கள். இப்போது இறங்கலாம். அழைத்துச்செல்ல வந்திருப்பவர்கள் வருகை வாசலுக்கு வரவும்."

எங்கள் வழக்கப்படி இரண்டாம் முறையும் சொன்னேன். குரல் பிசகவில்லை. அதைப் பற்றி எனக்குப் பெருமைதான், எழுதினால் என்ன.

கூடத்தில் ஒருவருக்கும் ஒன்றும் புரியவில்லை. "நம்ம விமானமா?" என்று ஒருவர் கேட்டார், "இல்ல, வேற ஏதோ" என்றார் இன்னொருவர், திரும்பவும் போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார்கள். முன்வரிசையில் இருவர் மட்டும் எழுந்தார்கள். வருகை வாசலுக்கு நடந்தார்கள். யாரையாவது வரவேற்க வருகிறவர்கள் நிற்பார்களே, கயிற்றை ஒட்டி, அந்த இடத்தில் போய் நின்றார்கள். அந்தம்மா தலைமுடியை ஒதுக்கிச் சரிசெய்துகொண்டார். காவலர் என்னைப் பார்த்தார், அவர்களைப் பார்த்தார். யாரும் சொல்லாமலே கதவைத் திறந்துவிட்டார்.

அந்தப் பக்கம் முதல் பெட்டி இறங்கியது. எல்லாம் இறங்கின. கடைசியாக அவன் இறங்கினான். யாரும் பிடிக்கவில்லை. அவனாக இறங்கினான்.

அதற்குள் கஞ்சி ஓடிவந்து மைக்கைப் பிடுங்கினார். "உங்களுக்கு என்ன பைத்தியமா பிடிச்சிருக்கு?" என்றார். பொத்தான் அழுத்தியே இருந்ததால் அதுவும் ஊர் முழுக்கக் கேட்டது.

ஏப்ரல் 11, வெள்ளி

மைக் பக்கம் போகக்கூடாது. இனி மூட்டை எடை போடும் கவுண்டர். படையின் போக்குவரத்தை வெளியிட்டதாக விசாரணை வரும். வீட்டுக்காரர் செய்தித்தாளை மடித்துவிட்டு, "ஊருக்கே தெரிஞ்ச ரகசியத்தை ஊருக்குச் சொன்ன குத்தம்" என்றார். பிறகு, "வேலை போனா போகட்டும், வீட்ல எனக்கு அறிவிப்புப் பண்ணு" என்றார். சிரித்தேன். சிரித்து எத்தனை நாளாயிற்று.

ஏப்ரல் 13, ஞாயிறு

தம்பி வந்தான். வந்தவுடன் கதவைச் சாத்தினான்! எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அவசரப்பட்டுவிட்டேன்.

"எல்லாரும் இறங்கிட்டாங்கக்கா. நீ சொன்னதும் இறங்கிட்டாங்க. வழியெல்லாம் திரும்பித் திரும்பிப் பாத்தேன், ஒருத்தர்கூட வரல."

"நல்லதுதானேடா."

"உள்ள இப்ப நான் மட்டும்தான் இருக்கேன்."

"நீ இங்கதானே இருக்க? என் எதிர்ல உக்காந்திருக்க, என் கையைப் பிடிச்சிருக்க."

"இல்லக்கா." மிக நிதானமாகச் சொன்னான். "கீழ வந்து நின்னேன். ஆனா இறங்கல. இருட்டா இருக்கு. சத்தமே இல்ல. முன்னாடி அவங்களாவது இருந்தாங்க."

நான்தான் அவர்களை அனுப்பினேன். இவனைத் தனியாக விட்டுவிட்டேனா? அப்படியும் ஒன்று உண்டா? அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன், முடியவில்லை. அழுதேன். அவனும் அழுதான், ஆனால் எதற்கு என்று தெரியாதவன்போல அழுதான்.

வீட்டுக்காரர் எழுந்துவந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "மாப்ள, நாளைக்கு டாக்டர்கிட்ட போறோம். எனக்கும் முதுகுவலி, காட்டணும். தனியாப் போகப் பயமா இருக்கு, துணைக்கு வாங்க" என்றார். இந்த மனுஷனை நான் எவ்வளவு திட்டியிருக்கிறேன்.

தம்பி தலையாட்டினான்.

ஏப்ரல் 22, செவ்வாய்

பெரிய ஊரில் இருக்கிற படை மருத்துவமனையில் சேர்த்தாயிற்று. விமானத்தில் ஏற மாட்டேன் என்றான். சாலை வழியாகவே கூட்டிப்போனார்கள். அவனாகச் சேரச் சம்மதித்தான், அது நல்ல அறிகுறி என்று டாக்டர் சொன்னார். வண்டி கிளம்பும்போது கையசைத்தேன். அவன் என்னைப் பார்த்தான், ஆனால் கை தூக்கவில்லை.

ஏப்ரல் 30, புதன்

எடை கவுண்டர். நாள் முழுக்க மூட்டை.

மே 6, செவ்வாய்

என் இடத்துக்குப் பதிவுசெய்த குரல் வந்துவிட்டது. தேன் மாதிரி குரல். எதைச் சொன்னாலும் பிறந்தநாள் வாழ்த்து சொல்வதுபோல இருக்கிறது. இன்று நேரம் சொல்லாமல் நிறுத்தினார்கள். அந்தத் தேன்குரல் இனிமையாக வருந்தியது. நான் காதைப் பொத்திக்கொண்டேன். வரிசையில் நின்ற பையன் என் எடை எந்திரம்தான் கிறீச்சிடுகிறது என்று நினைத்து அதைக் குனிந்து பார்த்தான்.

மே 11, ஞாயிறு

அவர் வந்தார். அன்று முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அம்மா. எங்கும் பயணம் போகவில்லை. என்னைத் தேடி வந்திருக்கிறார்.

"அன்னைக்குக் கூப்பிட்டது நீங்கதானே?"

ஆமாம் என்றேன். மன்னிப்புக் கேட்பதா என்று தெரியவில்லை.

"எந்த வாசல்னு தெரியாம உக்காந்திருந்தோம். யாரும் எங்க முகத்தைப் பாக்கல. நீங்க கூப்பிட்டதும்தான் எழுந்திரிக்கத் தெம்பு வந்துச்சு." என் பக்கம் நெருங்கி வந்தார். "என் பையன்கூட ஒரு தம்பி வந்தாராமே. வழியெல்லாம் பேசிட்டே வந்தாராம். நெட்டையா ஒரு விமானி எங்க வீட்டுக்கு வந்து சொல்லிட்டுப் போனாரு. என்ன பேசினாருன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன். சொன்னேன். உயரம் எவ்வளவு, வெயில் எவ்வளவு, வாரை அணிந்துகொள்ளுங்கள், இன்னும் சிறிது நேரத்தில் தரையிறங்குவோம். சொல்லும்போதே இதைப் போய் ஒரு தாயிடம் சொல்கிறோமே என்று நாக்கூசியது.

அந்தம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அழுகைதான், ஆனால் சிரிப்பும் இருந்தது. "அவனுக்கு விமானம்னாலே பயம்மா. இறங்கற வரைக்கும் கண்ணைத் தொறக்க மாட்டான். பக்கத்துல யாராவது பேசிட்டே வரணும் அவனுக்கு."

என் கையைப் பிடித்து ஒன்று கேட்டார். "அந்தத் தம்பி இப்ப எப்படி இருக்காரு?"

சொன்னேன். உள்ளதை உள்ளபடி.

"அவருகிட்டச் சொல்லுங்க," என்றார். "என் பையன் வீடு வந்து சேர்ந்துட்டான். அவரையும் வீட்டுக்குப் போகச் சொல்லுங்க."

மே 18, ஞாயிறு

மருத்துவமனை. தோட்டத்துப் பெஞ்சில் உட்கார்ந்து தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தம்மா சொன்ன சொல் ஒன்று விடாமல். கேட்டானா என்றுகூடத் தெரியவில்லை. நான் கிளம்பப் பையை எடுத்தபோது, "கண்ணை மூடிட்டா வருவான்?" என்றான்.

"ஆமாண்டா. இறங்கற வரைக்கும் திறக்க மாட்டானாம்."

மரத்தைப் பார்த்தான். "பாவம்," என்றான். வேறு ஒருவரைப் பற்றிச் சொல்கிற 'பாவம்'. இத்தனை மாதத்தில் அவன் வாயிலிருந்து வந்த முதல் சாதாரணச் சொல் அது.

ஜூன் 12, வியாழன்

விசாரணை முடிந்தது. வேலை உண்டு, மைக் கிடையாது. கஞ்சி எனக்காக நல்ல வார்த்தை சொன்னாராம். சட்டை மடங்காவிட்டாலும் மனுஷர் மடங்குவார் போலிருக்கிறது.

ஜூன் 29, ஞாயிறு

போனில் தம்பி. தூங்குகிறானாம், சாப்பிடுகிறானாம். இனிப் பறக்கும் வேலை கிடையாது, பண்டகசாலையில் போடப்போகிறார்கள். திரும்பி வரும்போது விமானத்திலேயே வருகிறேன் என்கிறான். டாக்டர் வேண்டுமானால் முயன்று பார்க்கலாம் என்றாராம். "பயணியா ஒருதரம் வரணும்க்கா." சரி என்றேன். வேறென்ன சொல்ல.

ஜூலை 8, செவ்வாய்

தம்பி வருகிற மாலை விமானம் நேரத்துக்கு வந்தது. இன்று நிறுத்தம் ஏதும் இல்லை. விமானம் வந்து சேர்ந்ததைத் தேன்குரல் வாழ்த்தியது. நான் கவுண்டரைப் பக்கத்துப் பெண்ணிடம் விட்டுவிட்டு வருகை வாசலில் நின்றேன். வீட்டுக்காரர் வெளியே ஆட்டோவோடு.

கைக்குழந்தையோடு ஒரு பெண் வந்தாள். டை கட்டிய ஆட்கள் வந்தார்கள். ஒரு குடும்பம், பிறகு தனியாக ஒரு பெரியவர். அப்புறம் யாரும் வரவில்லை. திறந்த கதவு வழியாகப் படிக்கட்டு தெரிந்தது, காலியாக. மேலே பணிப்பெண் வாசலில் நின்று உள்ளே பார்த்து ஏதோ சொல்கிறாள். வெளியே பார்க்கிறாள். மறுபடி உள்ளே பார்க்கிறாள்.

கயிற்றுக்கு அடியில் புகுந்து நடந்தேன். "அக்கா! அக்கா, போகக் கூடாது!" என்று காவலர் கூப்பிட்டார். கூப்பிட்டாரே தவிர, பின்னால் வரவில்லை.

படிக்கட்டின் அடியில் போய் நின்றேன். தரை இன்னும் சுட்டது. என்னென்னவோ வாசகங்கள் தெரியும் எனக்கு, ஆயுள் முழுக்கச் சொன்னவை. ஒன்றும் வாயில் வரவில்லை. கையில் மைக்கும் இல்லை.

"டேய்," என்றேன். சத்தமாகத்தான். "வந்தாச்சு. இறங்கி வாடா."

பணிப்பெண் ஒதுங்கினாள். அவன் வாசலுக்கு வந்தான். வெளிச்சத்துக்குக் கண்ணைச் சுருக்கினான். கைப்பிடியைப் பிடித்தான். ஒவ்வொரு படியாக, காலைப் பார்த்துக்கொண்டு, இறங்கினான். தரைக்கு வந்ததும் என் பக்கத்தில் நின்று மூச்சை விட்டான்.

"பையை மேலயே விட்டுட்டேன்க்கா."

"போய் எடுத்துட்டு வா."

திரும்ப ஏறினான். உள்ளே போனான். என் உயிர் என்னிடம் இல்லை. அந்த வாசலையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

பையோடு இறங்கி வந்தான். நல்ல கனம். பையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு நடந்தோம்.